ஊரடங்கும் உடைந்த எலும்பும்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. இத்தாலி 9ஆம் தேதியே நாடு முழுவதற்குமான முடக்கத்தை அறிவித்திருந்தது. பிரிட்டன் 23ஆம் தேதியும் இந்தியா 25ஆம் தேதியும் ஊரடங்குக்குள் சென்றன. அடுத்த சில வாரங்களில் எலும்பு மூட்டு மருத்துவர்கள் நாடு வேறுபாடின்றி ஒரே காட்சியைக் கண்டார்கள். கையைத் துணியில் தாங்கிக்கொண்டும் காலை நீட்டி வைத்துக்கொண்டும் நோயாளிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. நாள் முழுக்க ஓய்வில்லாத மாவுக்கட்டு அறையில் வேலை இல்லை. வீட்டிலேயே இருந்ததால் மக்களுக்கு எலும்பு முறிவது குறைந்துவிட்டது என்ற பேச்சு அப்போதுதான் பரவியது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, எந்தெந்த முறிவுகள் குறைந்தன, எவை குறையவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

குறைந்தவை வெளியே நிகழ்பவை. பள்ளியும் விளையாட்டுத் திடலும் மூடப்பட்டதால் குழந்தைகளின் கை முறிவுகள் சட்டென்று சரிந்தன. தொழிற்கூடங்களும் கட்டுமானப் பணிகளும் நின்றதால் வேலையிடக் காயங்கள் குறைந்தன. ஆனால் காயம் முற்றிலும் மறையவில்லை, இடம் மாறியது. நெடுநாளாகத் தள்ளிப்போட்ட வீட்டு வேலையைச் செய்து முடிக்க ஏணியில் ஏறியவர்களும், துளையிடும் கருவியைப் பழக்கமில்லாமல் கையில் எடுத்தவர்களும், தோட்டத்து டிராம்போலினில் குதித்த சிறுவர்களும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். சாலை விபத்துகளிலும் இதே போன்ற ஒரு முரண் தென்பட்டது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு வாகனங்கள் ஓடிய மொத்தத் தொலைவு பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஆனாலும் சாலையில் இறந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 7 விழுக்காடு கூடி 38,000ஐத் தாண்டியது. வெறிச்சோடிய சாலை வேகத்தைத் தூண்டியது. வேகம் கூடினால் முறிவும் கடுமையாகிறது. வந்த நோயாளிகள் குறைவு என்பதற்காக வந்த காயங்களும் எளியவை என்று கொள்ள முடியாது.

குறையாதது முதியோரின் இடுப்பு எலும்பு முறிவு. தொடை எலும்பின் மேற்பகுதி, இடுப்பு மூட்டுக்குள் பொருந்தும் இடத்தை ஒட்டி, ஒடிவதைத்தான் பொதுவாக அப்படிச் சொல்கிறோம். அது எப்படி நிகழ்கிறது என்று பார்த்தாலே ஊரடங்கு ஏன் அதைத் தடுக்கவில்லை என்பது விளங்கிவிடும். எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி நள்ளிரவில் கழிவறைக்குப் போக எழுகிறார். விளக்கைப் போடுவதற்குள் போர்வையின் நுனி காலில் சிக்குகிறது. நின்ற உயரத்திலிருந்து பக்கவாட்டில் விழுகிறார். எலும்புத் தேய்மானத்தால் ஏற்கெனவே புரையோடிப்போன எலும்புக்கு அந்த உயரமே போதும். இந்த விபத்துக்குத் தெருவும் வேண்டாம், வாகனமும் வேண்டாம். பல நாடுகளின் பதிவேடுகளில் மற்ற முறிவுகள் எல்லாம் இறங்கிய வாரங்களிலும் இடுப்பு முறிவு மட்டும் பெரிதாக இறங்காமல் நின்றதற்குக் காரணம் இதுதான். அதோடு, மாதக்கணக்கில் வெளியே நடக்காமல் இருந்தவர்களின் தொடைத் தசைகள் மெலிந்து, தடுமாறும்போது சுதாரித்துக்கொள்ளும் திறனும் குறைந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைகள் எல்லாச் சிகிச்சைகளையும் அவசரம், தள்ளிப்போடக்கூடியது என இரு கூறாக்கின. வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் இந்தப் பாகுபாடு எலும்பு மருத்துவத்துக்கு ஒருபோதும் சரியாகப் பொருந்துவதில்லை என்பதுதான் என் கருத்து. உடைந்த எலும்பு உயிரைப் பறிப்பது அரிது. ஆகவே மாரடைப்புக்கும் மூச்சுத்திணறலுக்கும் பின்னால்தான் அது நிற்க வேண்டியிருக்கிறது. அதே வேளையில், எலும்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. முறிந்த கணத்திலேயே அங்கே இரத்தம் உறைந்து, கூடும் வேலை தொடங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் முறிவைச் சுற்றி மென்மையான புது எலும்புத் திசு படர்கிறது. பின் அது இறுகுகிறது. எலும்பு நேராக நிற்கிறதா, கோணலாக நிற்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே கூடிவிடும்.

ஒவ்வொரு காயத்துக்கும் இந்தக் காலக்கெடு வெவ்வேறு. இடுப்பு மூட்டு விலகிவிட்டால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அதை இருப்பிடத்தில் பொருத்த வேண்டும். தாமதம் கூடக்கூடத் தொடை எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று அது மடிந்துபோகும் அபாயம் ஏறுகிறது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரியும் திறந்த முறிவில் முதல் சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உடலில் ஏறியாக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாட்களில் குருத்தெலும்பு அரிக்கப்பட்டுவிடும். இவை யாவும் அவசரப் பட்டியலில் இருந்தன. ஊரடங்கிலும் இவற்றுக்கு அறுவை நடந்தது. சிக்கல் இவற்றுக்கு அடுத்த வரிசையில் இருந்தவற்றில்தான். குழந்தையின் முன்கை எலும்பு மணிக்கட்டருகே ஒடிந்து விலகியிருந்தால், ஏழு முதல் பத்து நாளுக்குள் அதை இழுத்து நேராக்கிக் கட்டுப் போடலாம். அதற்குப் பின் வலுக்கட்டாயமாக அசைத்தால் எலும்பு வளரும் தட்டு சேதமடையக்கூடும் என்பதால் பெரும்பாலான மருத்துவர்கள் அதில் கைவைக்கத் தயங்குவார்கள். தோள்மூட்டு விலகி மூன்று வாரம் ஆகிவிட்டால், மயக்க மருந்து கொடுத்து இழுத்தாலும் அது எளிதில் உள்ளே போகாது. திறந்து செய்ய வேண்டிய பெரிய அறுவையாகிவிடும்.

மக்கள் மருத்துவமனைக்கு வரத் தயங்கியபோது இந்தக் கெடுக்கள்தான் கடந்துபோயின. போக்குவரத்து இல்லை, அனுமதிச் சீட்டு வேண்டும், தொற்றிக்கொள்ளும் என்ற அச்சம் வேறு. விழுந்து மணிக்கட்டு வீங்கிய ஒருவர் அதைச் சுளுக்கு என்று எண்ணி வீட்டிலேயே துணியைச் சுற்றிக்கொண்டு, ஐந்தாவது வாரம் எக்ஸ்ரே எடுக்கும்போது எலும்பு கோணலாகக் கூடி முடிந்திருக்கும். முதல் வாரத்தில் அரை மணி நேரத்தில் இழுத்து நேராக்கி முடித்திருக்கக்கூடியது, இப்போது எலும்பை மீண்டும் வெட்டிப் பிளேட் வைத்துப் பொருத்தும் அறுவை. இந்த வேறுபாட்டை நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டும் எந்த வரைபடமும் காட்டாது.

மருத்துவமனையின் உள்ளேயும் வேகம் குறைந்தது. எலும்பு அறுவைக்கு அறுவை மருத்துவர் மட்டும் போதாது, மயக்க மருந்து நிபுணர் வேண்டும். பெருந்தொற்றில் ஐசியூவுக்கு முதலில் அழைக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். மயக்க மருந்து இயந்திரங்களே பல இடங்களில் வென்டிலேட்டர்களாக மாற்றப்பட்டன. அறுவைக்குப் பின் நோயாளியைக் கண்காணிக்கும் அறை கூடுதல் ஐசியூவாக மாறியது. எலும்பு மருத்துவர்களும் கோவிட் வார்டுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பணிகளில் ஒன்று, வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைக் குழாய்கள் எதுவும் கழன்றுவிடாமல் குப்புறப் படுக்கவைக்கும் குழுவில் சேர்வது. முதுகெலும்பு அறுவைக்காக மயக்கத்தில் இருப்பவரைக் கவனமாகப் புரட்டிப் பழகிய கைகளுக்கு அது புதிதல்ல என்பதால், அந்தத் தேர்வில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது.

அறுவை அரங்கின் காற்றோட்டமும் புதிய கேள்வியாக எழுந்தது. காயத்தில் கிருமி விழாமல் இருப்பதற்காக அரங்கின் காற்று உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளப்படும்படி அமைக்கப்படுவது வழக்கம். மூட்டு மாற்று அறுவைக்கான அரங்குகளில் இந்த ஏற்பாடு இன்னும் வலுவானது. நோயாளியின் மூச்சில் வைரஸ் இருக்கும்போது அதே காற்று நடைபாதைக்கு வைரஸைக் கொண்டுசெல்லும். மறுபுறம், எலும்பைத் துளையிடும் கருவியும் அறுக்கும் இரம்பமும் இரத்தத்தையும் எலும்புத் துகளையும் நுண்துளிகளாகச் சிதறடிக்கின்றன. அதனால் மயக்கக் குழாய் பொருத்தியபின் காற்று மாறும்வரை இருபது நிமிடம் வரை காத்திருப்பது, ஒவ்வொரு அறுவைக்குப் பின்னும் அரங்கைத் துடைத்தெடுப்பது, பரிசோதனை முடிவு வரும்வரை நோயாளியை வெளியே நிறுத்துவது என்று ஒவ்வொரு படியிலும் நேரம் கரைந்தது. எலும்பு அறுவையில் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருப்பதால், கதிர்வீச்சைத் தடுக்கும் கனமான ஈய அங்கி கட்டாயம். அதன்மேல் நீர்புகா அங்கி, இறுக்கிய முகக்கவசம், கண்ணாடி. பத்தே நிமிடத்தில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும்; ஸ்க்ரூ எலும்பின் மறுபக்கத்தைத் தாண்டிவிட்டதா என்று திரையில் பார்க்க வேண்டிய அந்த நொடியில் திரை மங்கலாகத் தெரியும். கண்ணாடியைத் துடைக்கக் கையை எடுக்கவும் கூடாது. ஒரு நாளில் செய்து முடிக்கக்கூடிய அறுவைகளின் எண்ணிக்கை இப்படியெல்லாம்தான் குறைந்தது.

அறுவை செய்வதே ஆபத்தாகுமோ என்ற அச்சத்துக்கும் அடிப்படை இருந்தது. 24 நாடுகளைச் சேர்ந்த 1,128 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2020 மே மாதம் வெளியான ஓர் ஆய்வின்படி, அறுவைக் காலத்தில் கோவிட் தொற்று இருந்தவர்களில் 23.8 விழுக்காட்டினர் முப்பது நாட்களுக்குள் இறந்தனர்; பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. 116 நாடுகளில் 1,40,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு மறு ஆண்டு வெளியான ஆய்வு, தொற்று வந்தவருக்கு இயன்றால் ஏழு வாரமாவது அறுவையைத் தள்ளிப்போடலாம் என்றது. மூட்டுமாற்று போன்ற திட்டமிட்ட அறுவைக்கு அந்த அறிவுரை பொருந்தும். இடுப்பு முறிந்து படுத்திருக்கும் முதியவருக்கு அது பொருந்தாது. அவருக்கு 36 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை நடக்க வேண்டும் என்பதே நெடுநாள் நெறி. படுக்கையிலேயே கிடந்தால் நிமோனியா வரும், இரத்தம் உறையும், படுக்கைப் புண் வரும். ஸ்காட்லாந்தில் முதல் அலையின்போது நடந்த ஆய்வில், இடுப்பு முறிவோடு கோவிட்டும் இருந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் முப்பது நாளுக்குள் இறந்தார். தொற்று இல்லாதவர்களில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்த எண்களைக் கண்டும் பெரும்பாலான மருத்துவர்கள் அறுவையைக் கைவிடவில்லை. வலி தணிந்து எழுந்து உட்கார முடிந்தால்தான் நுரையீரல் விரியும் என்பதே அவர்களின் வாதம். உயிரைக் காப்பதற்கு இணையாக, கடைசி நாட்களை வலியின்றிக் கழிக்கவும் அந்த அறுவை தேவைப்பட்டது.

வெளியேறிய வேகமும் மாறியது. படுக்கைகளைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் இடுப்பு அறுவை முடிந்தவர்கள் விரைவாக அனுப்பப்பட்டார்கள். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை; தம் தாய் எப்படி நடக்கிறார், எத்தனை படி ஏறுகிறார் என்று ஒருமுறைகூட நேரில் பார்க்காமலேயே குடும்பத்தார் அவரை வாசலில் பெற்றுக்கொண்டார்கள்.

கத்தியைக் குறைத்து மாவுக்கட்டைக் கூட்டுவதே அந்தக் காலத்தின் பொதுவான வழியாயிற்று. பிரிட்டிஷ் எலும்பு மருத்துவச் சங்கம் முதல் அலையிலேயே வெளியிட்ட வழிகாட்டுதல், கை முறிவுகளில் பலவற்றை அறுவையின்றியே குணப்படுத்தலாம், பின்னர் கோணலாகக் கூடினால் சரிசெய்துகொள்ளலாம் என்ற திசையில் இருந்தது. மீண்டும் மருத்துவமனைக்கு வர வேண்டிய தேவையைக் குறைக்க, நோயாளியே வீட்டில் கழற்றக்கூடிய கட்டுகளும் தானாகக் கரையும் தையல் நூலும் பயன்பட்டன. கை அறுவைகளில் முழு மயக்கத்தைத் தவிர்த்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நோயாளி விழித்திருக்கையிலேயே முடிக்கும் முறை பரவியது. தொலைபேசியிலேயே எக்ஸ்ரேயைப் பற்றி விளக்கி அனுப்பும் 'மெய்நிகர் முறிவு மருத்துவமனை' என்ற ஏற்பாட்டை கிளாஸ்கோவில் ஒரு பெரிய மருத்துவமனை 2011இலேயே தொடங்கியிருந்தது. பத்தாண்டாக மெல்ல நகர்ந்த அந்த யோசனை பல இடங்களில் சில வாரங்களில் நடைமுறைக்கு வந்தது.

இந்தத் தற்காலிக ஏற்பாடுகள் எல்லாம் நோயாளிக்குக் கேடு என்று சொல்லிவிட முடியாது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு மணிக்கட்டு முறிந்தால், பிளேட் வைத்தாலும் மாவுக்கட்டுப் போட்டாலும் ஓராண்டுக்குப் பின் கை செய்யும் வேலையில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை என்று பெருந்தொற்றுக்கு முன்பே பல ஆய்வுகள் காட்டியிருந்தன. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாக இல்லாவிட்டாலும் கை உழைக்கும். சிறு குழந்தைகளின் எலும்பு இன்னும் தாராளம். வளர்தட்டுக்கு அருகில் உள்ள கோணல் வளரவளரத் தானே நிமிர்ந்துவிடும். கணுக்காலில் இந்தத் தாராளம் செல்லாது. கணுக்கால் மூட்டுக்குள் பொருந்தும் பாதத்தின் மேலெலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே மூட்டுப் பரப்புகள் தொட்டுக்கொள்ளும் அளவு 42 விழுக்காடு குறைகிறது என்பது 1976இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வின் முடிவு. உடலின் முழுப் பாரமும் அந்த மீதி இடத்தில் இறங்கும்போது சில ஆண்டுகளில் மூட்டு தேயும். ஆகவே 'மாவுக்கட்டே போதும்' என்ற முடிவு மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிய சுற்றறிக்கைகளைப் பற்றி எனக்கு இருக்கும் குறை இதுதான்.

முறிவைப் பொருத்துவதோடு சிகிச்சை முடிவதில்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். முழங்கை முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தால், பிசியோதெரபி இல்லாவிட்டால் அது அரைகுறையாக மடங்கியபடியே இறுகிவிடும். காணொளி வழியாகப் பயிற்சி சொல்லித்தரலாம். நோயாளியின் முழங்காலைப் பிடித்து மடக்கி எங்கே தடுக்கிறது என்று உணரும் கை அதில் இல்லை. பிறவியிலேயே பாதம் உள்நோக்கி வளைந்த குழந்தைகளுக்கு நிலை இன்னும் சிக்கலானது. வாரம் ஒருமுறை பாதத்தைச் சற்றே திருப்பிப் புதிய மாவுக்கட்டுப் போட்டு, ஐந்தாறு வாரத்தில் நேராக்கும் பொன்செட்டி முறை, பெரிய அறுவையைத் தவிர்க்கும் எளிய சிகிச்சை. அதன் வலிமை முழுவதும் தவறாத வாராந்தர வருகையில்தான் இருக்கிறது. நடுவில் நான்கு வாரம் விட்டுப்போனால், பிறந்த குழந்தையின் நெகிழ்வான திசு அதற்குள் இறுகத் தொடங்கிவிடும்.

எலும்புத் தேய்மானத்துக்கான டெனோசுமாப் ஊசியும் இப்படி நாள் தவறக்கூடாத ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும் இந்த ஊசி, எலும்பைக் கரைக்கும் செல்களைக் கட்டுப்படுத்துகிறது. ஏழு மாதத்தைத் தாண்டினால் அடக்கிவைக்கப்பட்ட செல்கள் ஒரே நேரத்தில் விழித்தெழுந்து எலும்பை முன்னிலும் வேகமாகக் கரைக்கும். சிலருக்கு விழாமலேயே முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வரும். ஊரடங்கில் ஊசிக்கு வர முடியாதவர்களுக்கு மாத்திரை வடிவிலான மாற்று மருந்தைத் தொடங்குமாறு நிபுணர் அமைப்புகள் அறிவுறுத்தியது இதனால்தான். தொற்றின் சிகிச்சையே எலும்புக்கு விட்டுச்சென்ற விளைவும் உண்டு. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கடுமையான கோவிட்டில் உயிர்களைக் காத்தது என்று 2020 ஜூனில் தெரியவந்தது. ஆனால் ஸ்டீராய்டு மருந்துகளை அதிக அளவில் பெற்றவர்களுக்குத் தொடை எலும்புத் தலை மடியும் நோய் வரக்கூடும் என்பது 2003ஆம் ஆண்டின் சார்ஸ் நோயாளிகளிடமே கண்டறியப்பட்டிருந்தது. கோவிட்டிலிருந்து மீண்டு, மாதங்கள் கழித்து இடுப்பு வலியோடு வந்தவர்கள் எலும்பு மருத்துவரின் புதிய நோயாளிகளானார்கள்.

மிகப் பெரிய சுமை மூட்டு மாற்றுக்காகக் காத்திருந்தவர்கள் மீது விழுந்தது. பெருந்தொற்றின் உச்சமான 12 வாரங்களில் உலகெங்கும் சுமார் 2.84 கோடி திட்டமிட்ட அறுவைகள் தள்ளிப்போகும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் எலும்பு மூட்டு அறுவைகளே மிகுதி, ஏறத்தாழ 63 லட்சம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் எல்லாத் துறைகளையும் சேர்த்து ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் பெருந்தொற்றுக்குச் சற்று முன்பு சுமார் 1,600 பேர். 2021 மார்ச் முடிவில் 4,36,000 பேர். வரிசையில் மிகப் பெரிய பங்கு எலும்பு மூட்டுப் பிரிவுடையது. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஓர் அளவுகோலில், இறப்பைவிட மோசம் என்று கணக்கிடப்படும் நிலைகளுக்குச் சுழியத்துக்குக் கீழான மதிப்பெண் உண்டு. பிரிட்டனில் அந்த அளவுகோலை வைத்துக் கேட்டபோது, இடுப்பு மூட்டு மாற்றுக்குக் காத்திருந்தவர்களில் மூவரில் ஒருவர் அந்த நிலையில் இருந்தார். பெருந்தொற்றுக்கு முன் இருந்ததைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு. தூக்கத்தில் புரண்டு படுக்க முடியாத, காலுறையைத் தானே போட்டுக்கொள்ள முடியாத வலியைத்தான் அந்த எண் குறிக்கிறது.

அவர்கள் ஏன் இவ்வளவு பின்னுக்குப் போனார்கள் என்பதற்கு, வரிசையை அமைத்த விதமே காரணம். இங்கிலாந்தில் அறுவைகள் நான்கு முன்னுரிமைகளாகப் பிரிக்கப்பட்டன. முதலாவது 72 மணி நேரத்துக்குள், இரண்டாவது நான்கு வாரத்துக்குள், மூன்றாவது மூன்று மாதத்துக்குள் நடக்க வேண்டும். நான்காவது, மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்கக்கூடியது. அதற்கு மேல்வரம்பு கிடையாது. பெரும்பாலான மூட்டு மாற்று அறுவைகள் அதில்தான் சேர்ந்தன. புற்றுநோய் அறுவைகள் இரண்டாம் வகையில் புதிதாக வந்து சேரச்சேர, ஒவ்வொரு அலையும் நான்காம் வகையினரைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்த இடைவெளியில் மூட்டு மேலும் தேய்ந்து, எலும்பு குழிந்து, தொடைத் தசை மெலிந்ததால் சிலருக்கு வழக்கமான செயற்கை மூட்டு போதாமல் எலும்பு ஒட்டும் பெரிய அறுவையும் தேவைப்பட்டது. அவசரப் பிரிவோ ஐசியூவோ இல்லாமல் திட்டமிட்ட எலும்பு அறுவைக்கென்றே தனிக் கட்டடம் வைத்திருந்த மையங்கள் மட்டும், தொற்று நோயாளிகளோடு படுக்கைக்குப் போட்டியிட வேண்டியில்லாததால், மற்ற இடங்களைவிட முன்னதாகக் கதவைத் திறக்க முடிந்தது. பின்னர் வந்த மீட்புத் திட்டங்களில் அப்படிப்பட்ட மையங்களைப் பெருக்குவதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது.